எச்.எம்.வி. 102: சாவி கொடுக்கும் கிராமபோனைத் தேர்ந்து, வயது கண்டு, பாட வைப்பது

பழைய கிராமபோன் ஒன்று வேண்டும் என்று கிளம்புகிறவர்களின் கண் முதலில் போவது பித்தளைக் குழல் வைத்த பெட்டியின் மேல்தான். முதல் பெட்டியாக அதை வாங்க வேண்டாம். நம் ஊர்ச் சந்தையில் பளபளவென்று நிற்கும் குழல் கிராமபோன்களில் மிகப் பல அண்மையில் ஒட்டுப்போட்டவை. உடைந்த சூட்கேஸ் கிராமபோனின் மோட்டார், புது மரப்பெட்டி, மெல்லிய பித்தளைக் குழல், மேலே நாய் படம் போட்ட ஒரு தகடு. பார்வைக்கு அழகாக இருக்கும். பாட்டு காதைக் கிழிக்கும், இசைத்தட்டையும் தின்னும்.

அந்தப் பணத்துக்கு எச்.எம்.வி. (ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்) 102 என்ற மாடல் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். கறுப்பு ரெக்சின் போர்த்திய, கையில் தூக்கிச் செல்லும் பெட்டி. குழல் வெளியே தெரியாது. பெட்டிக்குள்ளேயே மடங்கி இருக்கிறது. 1931-இல் வெளிவந்து 1950-களின் பிற்பகுதி வரை தயாரிக்கப்பட்டதால் எண்ணிக்கையிலும் உதிரிபாகத்திலும் பஞ்சமில்லை. ஒற்றை ஸ்பிரிங் மோட்டார். வீட்டு மேசையில் வைத்தே பிரித்து மாட்டலாம். நன்றாகச் சீர்செய்த 102, அதன் அளவுக்கு நம்ப முடியாத அளவு கனமான ஒலி தரும். அதற்கு முந்தைய 101 (1925 முதல் 1931 வரை) இதே வேலைமுறைக்கு ஒத்துவரும். இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம்.

ஒரு சொல் விளக்கம் முதலில். எடிசன் 1877-இல் செய்தது ஃபோனோகிராஃப். அது உருளையில் பதியும். ஊசி பள்ளத்தில் மேலும் கீழுமாக அசையும். எமில் பெர்லினர் 1887-இல் காப்புரிமை பெற்றது கிராமபோன். அது தட்டில் பதியும். ஊசி இடமும் வலமுமாக அசையும். நம் பக்கத்து வீடுகளில் கிடைப்பது ஏறக்குறைய எல்லாமே இரண்டாவது வகை. எடிசன் உருளைப் பெட்டி கையில் வந்தால் கீழே சொல்லும் மோட்டார் வேலை பொருந்தும், சவுண்ட் பாக்ஸ் வேலை பொருந்தாது.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலோ, சென்னையில் பழைய சாமான் விற்கும் இடத்திலோ, யாராவது ஒருவர் வீட்டுப் பரணிலோ பெட்டி கிடைத்தால் பேரம் பேசுவதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

பெட்டியைத் திறந்து, கைப்பிடியை மாட்டிப் பத்துச் சுற்று மட்டும் சாவி கொடுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் இறுக்கம் கூடிக்கொண்டே வர வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் கை சுழன்றுகொண்டே இருந்தால் ஸ்பிரிங் அறுந்திருக்கிறது அல்லது கொக்கியிலிருந்து கழன்றிருக்கிறது. கையை விட்டதும் கைப்பிடி பின்னோக்கி உதைத்தால் தடுப்புப் பல் தேய்ந்திருக்கிறது. இரண்டும் சரிசெய்யக்கூடியவையே, ஆனால் விலையில் கழிக்க வேண்டியவை. பத்துச் சுற்றுக்கு மேல் போகாதீர்கள். ஐம்பது ஆண்டு தூங்கிய ஸ்பிரிங், முழுச் சாவியில் கடைக்காரர் கண்முன்னாலேயே அறுந்துபோகும்.

அடுத்து சவுண்ட் பாக்ஸ். ஊசி மாட்டும் அந்த வட்டத் தலைதான் பெட்டியின் உயிர். அது இல்லாத 102-ஐ மலிவாகத் தருகிறார்கள் என்று வாங்கினால், தலையை மட்டும் தேடி வாங்கப் பெட்டி விலையே ஆகலாம். பல சவுண்ட் பாக்ஸ்களின் உடல் துத்தநாகக் கலவை வார்ப்பு. வார்க்கும்போது அதில் ஈயம் போன்ற கலப்பு சேர்ந்திருந்தால் காலப்போக்கில், குறிப்பாக ஈரக் காற்றில், உள்ளுக்குள்ளேயே அரித்து ஊதிப் பருக்கும். மயிரிழை விரிசல் ஓடியிருக்கிறதா, விளிம்பு கோணியிருக்கிறதா, பின்பக்க வளையம் கழற்ற முடியாமல் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். ஊதிய வார்ப்புக்கு மருந்து இல்லை. ஒட்டவும் முடியாது, தட்டி நிமிர்த்தவும் முடியாது. தொட்டால் பிஸ்கட் போல உடையும்.

பிறகு டோன் ஆர்மை, அதாவது சவுண்ட் பாக்ஸைத் தாங்கும் கையை, மெல்ல உள்நோக்கி நகர்த்துங்கள். ஊசி முனை சுழல்தட்டின் நடுக்கம்பியை ஒட்டியோ சற்றே தாண்டியோ வர வேண்டும். ஒட்டுப்போட்ட குழல் பெட்டிகளில் இந்த ஒரு அளவு மட்டும் சரியாக அமைவதில்லை. ஊசி, கம்பிக்கு ஓரிரு அங்குலம் தள்ளி நிற்கும். பள்ளத்துக்கு ஏறுமாறான கோணத்தில் ஊசி உட்காரும்போது பள்ளத்தின் ஒரு சுவரை அது செதுக்கிவிடும்.

போலிக் குழல் பெட்டிக்கு இன்னும் சில அடையாளங்கள்: எண்கோண வடிவப் பெட்டி, குழலைத் தாங்கும் முரட்டுப் பித்தளை வார்ப்பு, வாங்கி ஒரு மாதம் ஆனது போன்ற திருகுத் தலைகள், மோட்டார் பலகையில் எதற்கும் பயன்படாத பழைய துளைகள், எல்லாவற்றுக்கும் மேலாக "1900-ஆம் ஆண்டுப் பெட்டி" என்ற கதையோடு ஒட்டிய "ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்" தகடு. எச்.எம்.வி. பெட்டிகளைச் செய்த கிராமபோன் கம்பெனி 1900 முதல் 1907 வரை கிராமபோன் அண்ட் டைப்ரைட்டர் என்ற பெயரில் இருந்தது. அப்போதைய தட்டுகளில் இருந்த சின்னம் எழுதும் தேவதை. நாய் படம் தட்டு லேபிளுக்கு வந்தது 1909-இல்தான். அசல் பெட்டிகளில் பொதுவாக அந்தப் படம் ஒட்டுப்படமாக மரத்தின் மேலோ மூடியின் உட்புறமோ இருக்கும். ஆணி அடித்த பித்தளைத் தகடாக இருக்காது.

வயது கண்டுபிடிப்பது

எச்.எம்.வி. சூட்கேஸ் பெட்டிகளுக்கு வயது சொல்ல மூன்று இடம் பார்த்தால் போதும்: கைப்பிடித் துளை, முலாம், சவுண்ட் பாக்ஸ்.

கைப்பிடித் துளை பெட்டியின் முன்பக்கத்தில் இருந்தால் அது தொடக்க கால 101. பக்கவாட்டில் இருந்தால் பிந்திய 101 அல்லது 102. முலாம் சற்று மஞ்சள் சாயலோடு வெதுவெதுப்பாக மின்னினால் நிக்கல். அது 101 காலத்து வழக்கம். நீலச் சாயலோடு கண்ணாடி போல மின்னினால் குரோமியம். 102-க்கு அதுதான் இயல்பு. 101-இல் இருப்பது 4-ஆம் எண் சவுண்ட் பாக்ஸ், அதன் சவ்வு (ஊசியோடு அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய தகடு) மைகா, அதாவது நம் காக்காப்பொன். 102-இல் முதலில் வந்தது 16-ஆம் எண், அடுத்தது 5-ஏ, கடைசியாக 5-பி. இந்த மூன்றுக்கும் சவ்வு அலுமினியம். எண் சவுண்ட் பாக்ஸின் முகத்திலேயே இருக்கும்.

இதில் ஓர் எச்சரிக்கை. சவுண்ட் பாக்ஸ் கழற்றி மாட்டும் பொருள். 1932-இல் வாங்கிய பெட்டியில் பழுதான தலையை மாற்றி 1950-இல் 5-பி போட்டிருப்பார்கள். ஆகவே சவுண்ட் பாக்ஸ் மட்டும் ஒரு காலத்தையும் மற்றவை வேறு காலத்தையும் சொன்னால், மற்றவற்றை நம்புங்கள். நிறத்தில் கறுப்புதான் பெரும்பான்மை. சிவப்பு, நீலம், பச்சை, சாம்பல் அரிது. அதனால்தான் கறுப்புப் பெட்டிக்குப் புது ரெக்சின் ஒட்டி "அசல் சிவப்பு" என்று விற்பதும் நடக்கிறது. உள்மூலைகளில், பூட்டுத் தகட்டுக்கு அடியில், பழைய நிறத்தின் ஓரம் எட்டிப் பார்க்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பெட்டியோடு தட்டுகளும் வந்தால் அவற்றுக்கும் வயது சொல்லலாம். இந்தியாவில் கிராமபோன் கம்பெனியின் முதல் பதிவுகள் 1902-இல் கல்கத்தாவில் நடந்தன. அப்போது இங்கே அச்சிடும் வசதி இல்லை. தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவரில் அச்சாகி வந்தன. லேபிளில் ஹானோவர் பெயரும் தேவதைச் சின்னமும் இருந்து, பின்பக்கம் வெறுமையாக இருந்தால் அது மிகப் பழைய தட்டு. ஊசியால் தொடாதீர்கள். கல்கத்தா சியால்டா தொழிற்சாலை 1908-இலும், டம்டம் தொழிற்சாலை 1928-இலும் வந்தன. லேபிளில் டம்டம் என்று இருந்தால் 1928-க்குப் பிந்தியது. லேபிளை ஒட்டிய மழமழப்பான இடத்தில் பதிவு எண்ணுக்குப் பக்கத்தில் சிறு முக்கோணம் பொறித்திருந்தால் மைக்ரோபோன் வைத்து மின்முறையில் பதிந்தது, அதாவது 1925 அல்லது அதற்குப் பின். சதுரம் இருந்தால் 1931-க்குப் பின். இந்த இரு குறிகளும் எச்.எம்.வி. தட்டுகளுக்கு. முக்கோணமும் இல்லாமல் சதுரமும் இல்லாமல், பாடகர் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல் கேட்டால் பெரும்பாலும் குழல் முன் நின்று பாடிய பழைய பதிவு.

மோட்டார்: எல்லாவற்றுக்கும் முன் ஸ்பிரிங்

வீட்டுக்கு வந்ததும் ஒரு பாட்டு போட்டுப் பார்க்கத் தோன்றும். பொறுங்கள். ஸ்பிரிங் டப்பாவுக்குள் இருக்கும் பழைய கிரீஸ் இந்நேரம் அரக்காகியிருக்கும். சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, விடுபடும்போது மொத்தமாகத் துள்ளும். பாட்டுக்கு நடுவே பெட்டிக்குள்ளிருந்து "டொப்" என்று கேட்கும் சத்தம் அதுதான். அந்தத் துள்ளல்தான் ஸ்பிரிங்கை அறுக்கிறது, பற்களை உடைக்கிறது.

வேண்டியவை: திருகின் பிளவுக்குச் சரியாகப் பொருந்தும் தட்டை ஸ்குரு டிரைவர்கள் மூன்று அளவில், குறடு, தடித்த தோல் கையுறை, கண் கண்ணாடி, மண்ணெண்ணெய் அல்லது டர்பன்டைன் அரை லிட்டர், பழைய துணி, தையல் மிஷின் எண்ணெய், மோட்டார் உதிரிக் கடையில் கிடைக்கும் மாலிப்டினம் கலந்த கிரீஸ், ஒரு முட்டைத் தட்டு. முட்டைத் தட்டு திருகுகளுக்கு. எந்தத் திருகு எங்கிருந்து வந்தது என்று குழிக்குழியாகப் பிரித்து வையுங்கள். இவை பழைய பிரிட்டிஷ் பி.ஏ. மறை; ஹார்டுவேர் கடை மில்லிமீட்டர் திருகு முதல் இரண்டு சுற்று போய்விட்டு மூன்றாவதில் மறையை அழித்துவிடும்.

முதலில் பிரேக்கை விடுவித்து, சுழல்தட்டு தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு உள்ளே கை வைக்கவே கூடாது. ஸ்பிரிங்கில் சாவி இருக்கும்போது, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைக் கழற்றினால் பற்சக்கரங்கள் கட்டின்றிச் சுழன்று பல்லெல்லாம் வழித்துக்கொண்டு போகும், விரலையும் சேர்த்து. ஓடி நின்ற பிறகு சுழல்தட்டை எடுங்கள். நடுக்கம்பியைச் சுற்றி அரைவட்டக் கிளிப் இருந்தால் அதை முதலில் நீக்கவும். இல்லையென்றால் இருபுறமும் விரல் கொடுத்து மேல்நோக்கித் தாங்கிக்கொள்ள, இன்னொருவர் கம்பியின் தலையில் மரத்துண்டு வைத்து இலேசாகத் தட்டினால் விடுபடும். ஓரத்தில் நெம்பினால் தட்டு வளையும். வளைந்த தட்டில் பாட்டு ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறி இறங்கும்.

மோட்டாரை வெளியே எடுத்து, ஸ்பிரிங் டப்பாவைத் தனியாக்கி, மூடியைத் திறக்கும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சாவி இறங்கினாலும் டப்பாவுக்குள் சுருண்டிருக்கும் விசை அப்படியே இருக்கிறது. டப்பாவைத் தடித்த துணியால் போர்த்தி, நடு நுனியைக் குறடால் பிடித்து, ஒரு சுருள், இன்னொரு சுருள் என்று கைக்குள்ளேயே அவிழவிடுங்கள். மொத்தமாக இழுத்தால் கத்தி போல வீசும். ஒரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை, அவசரப்படாதீர்கள்.

வெளியே வந்த ஸ்பிரிங்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கருப்பு அரக்கு முழுவதும் போகும்வரை துணியால் வழித்துத் துடையுங்கள். அடுப்பு எரியும் இடத்தில் இந்த வேலை வேண்டாம். துரு மேலோட்டமாக இருந்தால் மிக மெல்லிய எமரித் தாளில் நீளவாக்கில் மட்டும் தேய்க்கலாம். குறுக்கே ஒரு கீறல் விழுந்தால் அங்கேதான் நாளை அறுபடும். சுத்தமான ஸ்பிரிங்கைத் தரையில் போட்டால் பெரிய சுருளாக விரிய வேண்டும். டப்பா அளவுக்கே சுருங்கிக் கிடந்தால் அது சோர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

வெளி நுனியில் கொக்கித் துளையருகே மட்டும் அறுந்திருந்தால் அதே ஸ்பிரிங்கைக் காப்பாற்றலாம். உடைந்த பகுதியை நேராக வெட்டி, கடைசி 3 அல்லது 4 சென்டிமீட்டரை மட்டும் செந்நிறம் வரும்வரை சுட்டுத் தானாக ஆறவிடுங்கள். சூடு உள்ளே ஏறாமல் அதற்கடுத்த பகுதியில் ஈரத்துணி சுற்றியிருக்க வேண்டும். மெதுவான அந்த நுனியில் பழைய துளையின் வடிவத்திலேயே துளையிட்டு, ஓரங்களை அரத்தால் மழுக்குங்கள். கூரிய மூலை விட்டால் அங்கிருந்து விரிசல் ஓடும். உள் நுனியில் அறுந்தால் இந்த வைத்தியம் நிலைப்பது கடினம், புதிது வாங்குங்கள்.

புதிது வாங்க அகலம், தடிப்பு, நீளம், இரு நுனிகளின் வடிவம் நான்கும் வேண்டும். அகலமும் தடிப்பும் கட்டாயம் கேலிப்பரில் அளந்தவையாக இருக்கட்டும். பழைய ஸ்பிரிங் துண்டு துண்டாகி நீளம் தெரியாவிட்டால் கடிகாரக்காரர்களின் கணக்கு உதவும்: டப்பாவின் உள்விட்டத்தின் வர்க்கத்திலிருந்து நடுத்தண்டு விட்டத்தின் வர்க்கத்தைக் கழித்து, 0.39-ஆல் பெருக்கி, தடிப்பால் வகுக்கவும். உள்விட்டம் 70 மி.மீ., தண்டு 20 மி.மீ., தடிப்பு 0.6 மி.மீ. என்றால் ஏறக்குறைய 2.9 மீட்டர். டப்பாவின் பாதி இடத்தை ஸ்பிரிங் அடைத்தால் அதிகச் சுற்று கிடைக்கும் என்பதுதான் இதன் அடிப்படை. தடிப்புக் கூடினால் பலம் கூடும் என்று நினைத்துத் தடித்ததைப் போடாதீர்கள். சுற்றும் குறையும், பற்களும் தேயும்.

திரும்பச் சுருட்டும்போது வெளி நுனியைக் கொக்கியில் மாட்டி, டப்பாவைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு சுருளாக அழுத்தி உள்ளே இறக்கவும். சுழலும் திசை எடுக்கும்போது இருந்ததேதானா என்று பிரிக்கும் முன் எடுத்த படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கிரீஸ் இரண்டு தேக்கரண்டி போதும். நிறைய அப்பினால் வெயில் காலத்தில் உருகி வழிந்து கவர்னர் வரை வரும். அந்தக் காலத்தில் வாசலினில் கிராஃபைட் தூள் குழைத்துப் போட்டார்கள். அதுவும் இன்றைக்கும் நல்லதே.

தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் இரண்டையும் மோட்டார் பக்கமே கொண்டுவர வேண்டாம். பழைய பெட்டிகளில் பாதி இறுகிக் கிடப்பதற்குக் காரணமே யாரோ நல்லெண்ணத்தோடு விட்ட சமையலறை எண்ணெய்தான். காற்றுப் பட்டுப் பட்டு அது பிசினாகிவிடும். துரு விடுவிக்கும் ஸ்பிரேயும் எண்ணெய்க்கு மாற்று அல்ல. அது காய்ந்ததும் தாங்கிகள் வெறுமையாகிவிடும்.

கவர்னர்

வேகத்தைக் கட்டுப்படுத்துவது மூன்று சிறு எடைகள். ஒவ்வொன்றும் மெல்லிய தட்டை ஸ்பிரிங் ஒன்றின் நடுவில் திருகப்பட்டு ஒரு தண்டைச் சுற்றி இருக்கும். தண்டு சுழலச் சுழல எடைகள் வெளியே விரிந்து ஒரு வட்டைத் தம் பக்கம் இழுக்கும். வட்டு ஒரு தோல் அல்லது ஃபெல்ட் பட்டையில் உரசி வேகம் நிலைக்கும். வேகக் குமிழ் நகர்த்துவது அந்தப் பட்டையைத்தான்.

இங்கே வரும் நோய் மூன்று. மெல்லிய ஸ்பிரிங் ஒன்று திருகுத் துளையருகே விரிசல் விட்டால் கவர்னர் ஒரு பக்கம் கனத்து, பெட்டியே நடுங்கும். மூன்றையும் ஒருசேர, ஒரே தகட்டில் வெட்டியதாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் நடுக்கம் போகாது. பட்டை காய்ந்து கல்லானால் கீச்சிடும், பாட்டின் சுருதி அலையும். ஃபெல்ட் என்றால் ஒரு சொட்டு மிஷின் எண்ணெய். உதிர்ந்தால் அதே தடிப்பில் புதுத் துண்டு. மூன்றாவது, தண்டின் இரு முனைகளையும் தாங்கும் புஷ். அதிகம் இறுக்கினால் மோட்டார் பாதியில் நிற்கும், தளர்ந்தால் கடகடக்கும். தண்டை விரலால் நீளவாக்கில் அசைத்தால் ஒரு தாளின் தடிப்பளவுக்கு, ஏறக்குறைய 0.1 மி.மீ., ஆட்டம் தெரிய வேண்டும். அந்த இடத்தில் பூட்டுத் திருகை இறுக்குங்கள்.

எல்லாம் மாட்டியபின் வேகம். தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, ஊசியைப் பாட்டில் இறக்கி, 60 நொடியில் 78 சுற்று வருகிறதா எண்ணுங்கள். 20 நொடியில் 26 என்றாலும் சரி. ஊசி இறக்காமல் எண்ணினால் கணக்குத் தப்பும், ஊசியின் பாரமே மோட்டாரை இழுக்கும். வேகம் சரியாக இருந்தால் கோடுகள் நிற்பதுபோலத் தெரியும் 77 கோட்டு ஸ்ட்ரோப் வட்டு வைத்துப் பார்ப்பதானால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பழைய குண்டு பல்பின் கீழ் பாருங்கள், பல எல்.இ.டி. விளக்குகளில் கோடு நிற்பதுபோலத் தெரியாது. முழுச் சாவியில் 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கம், நாலரை நிமிடம் போல, சுருதி இறங்காமல் ஓடினால் மோட்டார் வேலை முடிந்தது. 1925-க்கு முந்திய தட்டுகள் எல்லாம் சரியாக 78-இல் பதிந்தவை அல்ல. பாடகர் குரல் இயல்பாக வரும் வேகத்தைக் குமிழில் தேடிக்கொள்ளுங்கள்.

102-இல் பாட்டு முடிந்ததும் தானாக நிற்கும் அமைப்பு உண்டு. டோன் ஆர்மோடு உராய்ந்து நகரும் தகடுகளால் அது இயங்குகிறது. அங்கே எண்ணெய் பட்டால் வழுக்கி, நிற்காமல் போகும். முடிவுப் பள்ளம் இல்லாத பழைய தட்டுகளில் அது வேலை செய்யாததைப் பழுது என்று நினைத்துப் பிரிக்கவும் வேண்டாம்.

சவுண்ட் பாக்ஸ்

ஒலி மெலிந்து தகரச் சத்தமாக வருகிறதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்றுக் கசிவு. இந்தப் பெட்டியில் ஒலியைப் பெருக்க மின்சாரம் ஒன்றும் இல்லை. சவ்வு தள்ளும் காற்று முழுவதும் குழலுக்குள் போனால்தான் தாழ்ந்த சுரம் கேட்கும். ஊசிமுனைத் துளை அளவு கசிவே மிருதங்கத்தின் தொப்பியை விழுங்கிவிடும்.

சவுண்ட் பாக்ஸின் பின்னால் டோன் ஆர்மில் மாட்டும் இடத்து ரப்பர் எல்லாப் பழைய பெட்டியிலும் கல்லாகியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்து, அதே உள்விட்டமுள்ள மெத்தென்ற சிலிக்கான் ரப்பர் போடுங்கள். டோன் ஆர்ம் அடித்தளத்தின் மூட்டில் சிறிது வாசலின் தடவினால் அசைவும் எளிதாகும், காற்றும் அடைபடும். பாதிப் பெட்டிகள் இந்த இரண்டிலேயே உயிர் பெற்றுவிடும். அப்படிப் பெற்றுவிட்டால் மேற்கொண்டு திறக்காதீர்கள்.

4-ஆம் எண் போன்ற மைகா வகையைத் திறக்க வேண்டி வந்தால், சவ்வின் இருபுறமும் அழுத்தும் ரப்பர் குழாய் வளையங்களை மாற்றுவதுதான் முக்கிய வேலை. பழைய வளையத்தின் தடிப்பை அளந்து அதே தடிப்பில் சிலிக்கான் குழாய் வாங்கி, இரு முனையும் இடைவெளியின்றி முட்டும்படி கோணலின்றி வெட்டுங்கள். மைகாவின் நடுவில் ஊசித் தண்டைப் பிடிக்கும் சிறு திருகின் மேல் தேன்மெழுகு ஒரு துளி உருக்கி விட்டிருப்பார்கள். கழற்றும் முன் அதை வெதுவெதுப்பாக்கி எடுங்கள், மாட்டிய பின் திரும்ப விடுங்கள். மாட்டும்போது தண்டு தானாகவே மைகாவின் துளைக்கு நேராக நிற்க வேண்டும். திருகை இறுக்கித்தான் சவ்வைத் தண்டிடம் இழுக்க வேண்டியிருந்தால் தண்டின் தாங்கித் திருகுகளில் சரிசெய்யுங்கள். இழுபட்ட நிலையில் விட்டால் மேல் ஸ்தாயியில் கரகரக்கும். மைகா அடுக்கு அடுக்காகப் பிரிந்து வெள்ளைப் படலம் தெரிந்தால் மாற்று மைகாவே போடுங்கள். பிளாஸ்டிக் தாள் வெட்டிப் போட்டால் ஒலி செத்துவிடும்.

5-ஏ, 5-பி வேறு கதை. ஊசித் தண்டு மிகச் சிறிய எஃகுக் குண்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. திறந்த நொடியில் அவை மேசைக்கடியில் உருண்டு போகும். அலுமினியச் சவ்வின் ஓரத்து மடிப்புகள் விரல் பட்டாலே நசுங்கும். உண்மையிலேயே கரகரத்தால் மட்டும், வெள்ளைத் துணி விரித்த தட்டுக்குள் வைத்துத் திறக்கவும். அதற்கு முன் ஊசித் திருகு முழுக்க இறுகியிருக்கிறதா, மூடியின் பூட்டோ கைப்பிடியோ அதிர்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கரகரப்புக்குப் பல சமயம் காரணம் அவ்வளவுதான்.

பெட்டியும் முலாமும்

கறுப்பு ரெக்சினை இளஞ்சூட்டு நீரில் பிழிந்த துணியும் சிறிது சோப்பும் கொண்டு துடைத்து, உடனே உலர் துணியால் ஒற்றுங்கள். உரிந்த மூலைகளுக்குக் கறுப்பு ஷூ பாலிஷ் போதும். புது ரெக்சின் ஒட்டுவது பெட்டியின் வயதையே அழிப்பது. மழைக்காலத்தில் உள்ளே பூஞ்சை பூத்திருந்தால் நிழலில் காற்றாட இரண்டு நாள் திறந்து வையுங்கள்; நேர் வெயிலில் வைத்தால் பலகையின் வச்சிரம் விட்டுப்போகும்.

புளி போட்டுத் தேய்க்கும் பழக்கத்தை இங்கே மறந்துவிட வேண்டும். குத்துவிளக்குக்குச் சரி, நிக்கல் முலாமின் இடுக்கில் புகுந்த புளி அடியிலுள்ள உலோகத்தை அரித்து முலாமைக் கிளப்பிவிடும். பித்தளை பாலிஷும் அடிக்கடி போட்டால் நிக்கல் தேய்ந்து மஞ்சள் தெரியும். மிஷின் எண்ணெய் தொட்ட மெல்லிய துணியே போதும். குரோமியத்தில் துருப்புள்ளி இருந்தால் அலுமினியத் தாளைச் சுருட்டி, நீர் தொட்டு, அழுத்தாமல் தேய்த்தால் போகும்.

மரப்பெட்டி வகை கையில் வந்தால், கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அது அரக்கு மெருகு. அதன் மேல் ஸ்பிரிட் கலந்த எந்தத் திரவமும் படக்கூடாது. நாய் ஒட்டுப்படத்தின் மேல் எதுவுமே படக்கூடாது.

இதே அரக்குதான் இசைத்தட்டிலும் இருக்கிறது. அதனால் தட்டைக் கழுவவும் ஸ்பிரிட், சானிடைசர், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் வேண்டாம். தட்டு கரைந்தே போகும். வடிநீரில் இரண்டு சொட்டுப் பாத்திரச் சோப்பு, மெத்தென்ற பிரஷ், பள்ளத்தின் திசையில் மட்டும். லேபிள் நனையாமல் பார்த்து, உடனே அலசி, பருத்தித் துணியால் ஒற்றி, நிறுத்தி உலரவிடுங்கள்.

ஊசி

எஃகு ஊசி ஒன்றுக்கு ஒரு பக்கம்தான். தட்டில் அரக்கோடு கல்தூளும் கலந்திருப்பது, முதல் சில சுற்றுகளில் ஊசி முனையைத் தேய்த்துப் பள்ளத்துக்குப் பொருந்த வைப்பதற்காகத்தான். ஒரு பக்கம் முடியும்போது முனை உளியாகிவிடும். அந்த உளியை அடுத்த பாட்டின் தொடக்கத்தில் வைத்தால் பள்ளத்தைச் செதுக்கும். சவுண்ட் பாக்ஸ் தட்டின் மேல் 100 கிராமுக்கு மேல் அழுத்துகிறது என்பதை நினைவில் வையுங்கள். ஊசி தட்டோடு ஏறக்குறைய 60 பாகை சாய்ந்து நிற்க வேண்டும். உரத்த, நடுத்தர, மென்மையான ஒலி என மூன்று வகை ஊசி கிடைக்கும். வீட்டுக்குள் கேட்க மென்மையானதே அழகு, தட்டும் அதிக நாள் உழைக்கும். ஓடிய ஊசியைத் தனி டப்பாவில் போடுங்கள். புதியவற்றோடு கலந்தால் கண்ணால் பிரிக்க முடியாது.

எல்.பி. தட்டை இந்தப் பெட்டியில் வைக்கவே கூடாது, ஒரே சுற்றில் அழிந்துவிடும். 1950-களுக்குப் பின் வந்த 78 சுற்றுத் தட்டுகளையும், வேறு பிரதி கிடைக்காத பழைய கர்நாடக இசைத் தட்டுகளையும் 102-இல் ஓட்ட வேண்டாம். அவற்றுக்கு 78 வேகமுள்ள மின் டர்ன்டேபிளில் 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசி, 3 முதல் 5 கிராம் அழுத்தம். சாவிப் பெட்டிக்கு, இரண்டாவது பிரதியாகக் கிடைக்கும் 1930-கள், 40-களின் தட்டுகளை ஒதுக்கிக்கொள்ளுங்கள். 102-இன் குழலும் தலையும் அந்தக் காலத்துப் பதிவுக்கென்றே அமைந்தவை.

கேட்டு முடித்து மூடிவைக்கும்போது முழுச் சாவியோடு விடாதீர்கள், ஸ்பிரிங் சோர்ந்துவிடும். ஓடவிட்டு, கடைசி நாலைந்து சுற்று மட்டும் மிஞ்சும்போது பிரேக் போடுங்கள். வெளிக் கொக்கி நழுவாமல் இருக்க அந்த அளவு இழுவிசை வேண்டும். மாதம் ஒரு முறையாவது ஒரு பாட்டு ஓட்டினால் கிரீஸ் இறுகாது.